கோடுகளும் எழுத்துகளே: பழைய கணினிக் கோப்பைக் குப்பை என்று அழித்துவிடாதீர்கள்

பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் சென்ற மாதம் அழைத்தார். அந்தத் தோட்டம் இப்போது இல்லை. நிலம் விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. லயத்து மக்கள் ஈப்போ, கிள்ளான், ஜொகூர் என்று ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். மாரியம்மன் கோயில் மட்டும் பக்கத்துத் தாமானின் ஓரத்திற்கு இடம் மாறி நிற்கிறது. அதற்குக் கும்பாபிஷேகம் வருகிறது.

“பழைய ஆளுங்க எல்லாரையும் கூப்பிடணும் தம்பி. யார் யார் எந்த லயத்துல இருந்தாங்கன்னு திருவிழா வரி வாங்கின லிஸ்டு ஆபீஸ் கம்ப்யூட்டர்ல நானே அடிச்சு வச்சிருந்தேன். டிஸ்கெட் இன்னும் இருக்கு. ஆனா திறந்தா பேய் எழுத்தா வருது.”

பேரப்பிள்ளை அந்த டிஸ்கெட்டில் இருந்ததை எப்படியோ பென்டிரைவுக்கு மாற்றியிருந்தார். எனக்கு அனுப்பினார். திறந்து பார்த்தேன். முதல் வரியில் தலையில் கோடு போட்ட ஆங்கில ‘யூ’ ஒன்று. அதன் பின்னால் தலையில் இரண்டு புள்ளி வைத்த ‘ஏ’ எழுத்து எழுபதுக்கும் மேல் வரிசையாக. அடுத்த வரியில் பெயர்களுக்கு நடுவே சின்னதாக மேலே தூக்கிய 3 என்ற எண். பெயர்கள் தெரிந்தன, ஆனால் எது வீட்டு எண், எது தொகை, எது குடும்பத் தலைவர் பெயர் என்று பிரித்துப் பார்க்க முடியாதபடி எல்லாம் குழம்பிக் கிடந்தன. கோயில் செயலவையில் இருந்த இளைஞர் ஒருவர், “வைரஸ் புகுந்துவிட்டது, அழித்துவிடுங்கள்” என்று சொல்லியிருக்கிறார்.

வைரஸ் இல்லை. கோப்பில் ஒரு புள்ளிகூடக் கெடவில்லை. கிராணி ஐயா 1991ஆம் ஆண்டு முதல் அழகாகக் கட்டம் போட்டு அடித்த பட்டியல்தான் அது. அந்தக் கட்டத்தின் கோடுகள்தான் இப்படி வேடம் மாறித் தெரிகின்றன.

இது அந்த ஒரு கோயிலின் கதை மட்டுமல்ல. தோட்டத்துக் கோயில்கள், கூட்டுறவுச் சங்கங்கள், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கங்கள், மரண சகாய நிதிகள் என்று 1980களிலும் 1990களிலும் டாஸ் கணினியில் கணக்கு வைத்திருந்த இடங்கள் பல. அந்தக் கோப்புகள் அலமாரியில் கிடக்கலாம். அவற்றை அழிப்பதற்கு முன், கட்டக் கோடுகள் கணினிக்குள் என்னவாக இருக்கின்றன என்று ஒருமுறை தெரிந்துகொள்வது நல்லது.

வரையப்படாத கோடு

நாம் காகிதத்தில் கட்டம் போட வேண்டுமானால் அடிக்கோலை வைத்துக் கோடு இழுப்போம். பழைய டாஸ் கணினி கோடு இழுக்காது. அதன் திரை 80 பத்தி, 25 வரி என்று 2,000 சிறு அறைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஓர் அறையில் ஓர் எழுத்து. அதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது.

அதற்குக் காரணம் சிக்கனம். ஓர் அறைக்கு இரண்டு பைட் போதும்: ஒன்று எந்த எழுத்து என்று சொல்ல, மற்றொன்று அதன் நிறமும் தோற்றமும் சொல்ல. ஆக, முழுத் திரைக்கும் 4,000 பைட். புள்ளி புள்ளியாகப் படம் வரைவதென்றால் அன்றைய சாதாரண வண்ண அட்டைக்கே 16,000 பைட் வேண்டும். ஐபிஎம் நிறுவனம் 1981இல் தன் முதல் பிசியோடு விற்ற ஒற்றை நிறத் திரை அட்டையால் படம் வரையவே முடியாது. எழுத்து மட்டும்தான் வரும்.

அப்படியானால் கணக்குப் பட்டியலுக்குக் கட்டம் எப்படிப் போடுவது? கோட்டையே துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் ஓர் ‘எழுத்து’ ஆக்கிவிட்டார்கள். படுத்த கோட்டுத் துண்டு ஓர் எழுத்து. நின்ற கோட்டுத் துண்டு ஓர் எழுத்து. நான்கு மூலைகள் நான்கு எழுத்து. மூன்று கோடு கூடும் சந்திகள் நான்கு, நான்கும் கூடும் நாற்சந்தி ஒன்று. மொத்தம் பதினொன்று. தரைக்கு ஓடு பதிப்பது போல இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கட்டம் வந்துவிடும்.

இந்தப் பதினொன்றும் ஒருசேர வரும் ஓர் உருவம் நம் வீடுகளில் எல்லாம் உண்டு: ஜாதகக் கட்டம். மீனம் தொடங்கி வலம் வரும் பன்னிரண்டு ராசி வீடுகளுக்கு எண் மட்டும் போட்டுக் கீழே கட்டியிருக்கிறேன். இதில் படம் எதுவும் இல்லை. எல்லாமே விசைப்பலகையில் அடித்த எழுத்துகள்.

┌────┬────┬────┬────┐
│ 12 │  1 │  2 │  3 │
├────┼────┴────┼────┤
│ 11 │         │  4 │
├────┤         ├────┤
│ 10 │         │  5 │
├────┼────┬────┼────┤
│  9 │  8 │  7 │  6 │
└────┴────┴────┴────┘

நடுவில் இருக்கும் வெற்றிடத்தைச் சுற்றிப் பாருங்கள். மேலே ஒரு சந்தி தலைகீழாக நிற்கிறது, கீழே நேராக நிற்கிறது, இரு பக்கமும் இடம் வலமாகத் திரும்பி நிற்கின்றன. பதினொரு துண்டில் ஒன்று குறைந்தாலும் ராசிக் கட்டம் நிறைவாகாது. (உங்கள் கைப்பேசியில் இந்தக் கட்டம் கோணலாகத் தெரிந்தால் கோபப்பட வேண்டாம். அதற்கான காரணத்துக்கும் வருகிறேன்.)

இந்தப் பதினொன்று ஒற்றைக் கோட்டுக்கு. இரட்டைக் கோட்டுக்கு இன்னொரு பதினொன்று. ஒரு பக்கம் ஒற்றையும் மறுபக்கம் இரட்டையுமாகக் கலந்து சேரும் இடங்களுக்குப் பதினெட்டு. ஆக 40 துண்டுகளை ஐபிஎம் தன் பிசியின் எழுத்து அட்டவணையில் வைத்தது. அந்த அட்டவணைக்குப் பின்னாளில் ‘கோட் பேஜ் 437’ என்று பெயர் வந்தது. அதில் 0 முதல் 255 வரை 256 எண்கள். முதல் பாதி ஆஸ்கி என்ற பொது அட்டவணை: ஆங்கில எழுத்து, எண், நிறுத்தக்குறி. மேல் பாதியில்தான் ஐரோப்பிய எழுத்துகளும் இந்தக் கோடுகளும். 179 முதல் 218 வரை கோடுகளின் இடம். படுத்த கோட்டுக்கு 196, நின்ற கோட்டுக்கு 179, மேல் இடது மூலைக்கு 218, மேல் வலது மூலைக்கு 191.

கிராணி ஐயாவுக்கு இந்த எண்கள் இன்றும் மனப்பாடம். “ஆல்ட் பட்டனை அமுக்கிக்கிட்டு பக்கத்து நம்பர்ல ஒன்னு ஒம்பது ஆறு. விட்டா கோடு வரும். செக்ரோல் முழுக்க அப்படித்தான் போட்டேன்” என்றார். விண்டோஸ் கணினியில் எண் விசைத்தொகுதி இருந்தால் இன்றும் இதைச் செய்து பார்க்கலாம்.

ஒன்பதாவது புள்ளி

40 துண்டுகளையும் அட்டவணையில் ஏன் அப்படித் தாறுமாறாக அடுக்கினார்கள் என்று எனக்கு நெடுநாள் சந்தேகம் இருந்தது. நின்ற கோடு 179இல்; படுத்த கோடு 196இல். மூலைகள் ஆளுக்கோர் இடத்தில். தேடிப் பார்த்தபோது கிடைத்த விடை இந்த விஷயத்திலேயே எனக்கு மிகப் பிடித்த பகுதி.

ஐபிஎம்மின் ஒற்றை நிறத் திரையில் ஓர் அறை 9 புள்ளி அகலம், 14 புள்ளி உயரம். ஆனால் எழுத்து வடிவங்கள் 8 புள்ளி அகலத்தில்தான் சேமிக்கப்பட்டிருந்தன. ஒன்பதாவது புள்ளி வெற்றாக இருக்கும். அடுத்தடுத்த எழுத்துகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அது இடைவெளி. எழுத்துக்கு அது நல்லது. கோட்டுக்குக் கெடுதல்: ஒவ்வொரு துண்டுக்கும் நடுவில் ஓர் ஓட்டை விழுந்து, கோடு புள்ளிக் கோடாகிவிடும்.

அதற்கு ஒரு தந்திரம் செய்தார்கள். 192 முதல் 223 வரை உள்ள எண்களுக்கு மட்டும், எட்டாவது புள்ளியில் என்ன இருக்கிறதோ அதையே ஒன்பதாவதிலும் போடும்படி அட்டையின் மின்சுற்றிலேயே அமைத்துவிட்டார்கள். ஆகவே வலப்பக்கம் கை நீட்டும் துண்டுகள் எல்லாம் அந்த எல்லைக்குள் இருக்க வேண்டும். வலப்பக்கம் கை இல்லாத துண்டுகளுக்கு அந்தச் சலுகை தேவையில்லை. அவற்றைப் பெரும்பாலும் 179 முதல் 191 வரை வெளியே உட்கார வைத்தார்கள். அட்டவணையை எடுத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். 179 முதல் 191 வரை உள்ள பதின்மூன்றில் ஒன்றுக்குக்கூட வலது கை இல்லை. தாறுமாறாகத் தெரிந்ததில் இவ்வளவு கணக்கு இருந்திருக்கிறது.

ஒரே எண், நான்கு வேடம்

இனி கிராணி ஐயாவின் கோப்புக்கு என்ன ஆனது என்று பார்க்கலாம். கோப்பில் கோடு இல்லை, எழுத்தும் இல்லை. எண்கள் மட்டுமே இருக்கின்றன. 196, 196, 196 என்று. அந்த எண்ணுக்கு என்ன உருவம் என்பதை, திறக்கும் கருவி எந்த அட்டவணையைக் கையில் வைத்திருக்கிறது என்பதே முடிவு செய்கிறது. எந்த அட்டவணைப்படி எழுதினேன் என்று அந்தக் காலத்துக் கோப்பு தன் மேல் சீட்டு ஒட்டிக்கொள்வதில்லை.

விண்டோஸ் வந்தபோது திரையில் உண்மையாகவே கோடு வரைய முடிந்தது. கோட்டு எழுத்துகளுக்கு அவசியம் குறைந்தது. அதனால் அதன் மேற்கு ஐரோப்பிய அட்டவணையில் அந்த இடங்களைப் பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிய எழுத்துகளுக்குக் கொடுத்தார்கள். 196 என்பது தலையில் இரு புள்ளி வைத்த ‘ஏ’ ஆனது. 179 என்பது மேலே தூக்கிய 3. 218 என்பது கோடு போட்ட ‘யூ’. ஐயாவின் ‘பேய் எழுத்து’ இதுதான்.

டாஸிலும் ஒரு குழப்பம் நடந்தது. மேற்கு ஐரோப்பிய நாடுகளுக்காக வந்த 850 என்ற அட்டவணையில், ஒற்றையும் இரட்டையும் கலந்த அந்தப் பதினெட்டுத் துண்டுகளை எடுத்துவிட்டு வேறு எழுத்துகளையும் குறிகளையும் வைத்தார்கள். 437ஐ நம்பி எழுதிய நிரல்களை அங்கே ஓட்டினால் கட்டத்தின் சந்திகளில் மட்டும் சம்பந்தமில்லாத எழுத்துகள் முளைக்கும்.

அச்சு இயந்திரம் இன்னொரு கதை. டாட் மேட்ரிக்ஸ் அச்சு இயந்திரம் வைத்திருந்த கடைக்காரர்களுக்கு இது நினைவிருக்கும். திரையில் கட்டம் அழகாக இருக்கும். காகிதத்தில் ‘டி டி டி டி’ என்று சாய்ந்த ஆங்கில எழுத்து வரிசையாக விழும். எப்சன் வகை இயந்திரங்களில் மேல் பாதி அட்டவணையில் சாய்வெழுத்துகளை வைப்பது ஒரு முறையாக இருந்தது. 196இல் இருந்து 128ஐக் கழித்தால் 68. ஆஸ்கியில் 68 என்பது ‘டி’. அதனால் ஒற்றைக் கோடு சாய்ந்த ‘டி’ ஆனது. இரட்டைக் கோட்டின் எண் 205. 128 போனால் 77, அது ‘எம்’. இயந்திரத்திலேயே ஒரு சின்ன சுவிட்சை மாற்றினால் சரியாகிவிடும். அது தெரியாமல் ரசீதுப் புத்தகத்தையே கைவிட்டவர்களும் உண்டு.

நம் நாட்டில் சீன மொழிக்கு அமைத்த கணினியில் கோப்பைத் திறந்தால் வேறு வேடிக்கை. சீன அட்டவணையில் இரண்டு பைட் சேர்ந்துதான் ஓர் எழுத்து. ஆகவே இரண்டு கோட்டுத் துண்டுகள் கைகோத்து ஒரு சீன எழுத்தாகிவிடும். ஒரே எழுத்து வரி முழுக்க ஓடும்.

தமிழ் படித்த எனக்கு மிக நெருக்கமானது நான்காவது வேடம். யூனிகோடு பரவுவதற்கு முன், 1990களின் கடைசியில் இணையத் தமிழர்கள் மின்னஞ்சல் வழியாகவே கலந்து பேசி உருவாக்கிய தமிழ் அட்டவணை திஸ்கி. மலேசியா, சிங்கப்பூர், தமிழகம், இலங்கை, ஐரோப்பா, அமெரிக்கா என்று பல நாட்டுத் தமிழர்கள் அதில் பங்கெடுத்தார்கள். அதில் முதல் பாதி ஆங்கிலம். மேல் பாதி தமிழ். அதாவது டாஸில் கோடுகள் குடியிருந்த அதே வீடுகளில் தமிழ் எழுத்துகள் குடியேறின. 179 என்பது ‘ஐ’. 196 என்பது ‘ல’. நாற்சந்தியின் 197 என்பது ‘வ’. 218 என்பது ‘று’, 191 என்பது ‘ந’.

ஆக, கிராணி ஐயாவின் பட்டியலைத் திஸ்கி எழுத்துருவில் திறந்தால் கட்டத்தின் மேல் வரி “றுலலலலலலலந” என்று வரும். இதை ஐயாவிடம் சொன்னபோது, “நல்லவேளை, யாராச்சும் மந்திரம்னு நினைச்சிருப்பாங்க” என்று சிரித்தார்.

தமிழர்கள் இந்தக் குழப்பத்தைக் கோடுகளைவிட அதிகமாகவே அனுபவித்திருக்கிறார்கள். திஸ்கி ஒரு பக்கம், 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற தாம், தாப் அட்டவணைகள் மறுபக்கம், இலங்கைத் தமிழரிடையே பாமினி, அது போக ஒவ்வொரு பத்திரிகைக்கும் சொந்தமாக ஓர் எழுத்துரு. ஒருவர் அனுப்பும் மடலை மற்றவர் திறந்தால் கரகரவென்று குறியீடுகளாக விழும். அன்று ‘எழுத்துரு இல்லை’ என்று சொன்னோமே, அது பாதிதான் உண்மை. அட்டவணை பொருந்தவில்லை என்பதே முழு உண்மை.

ஒரே ஆண்டில் இருவருக்கும் இடம்

இந்தச் சிக்கலுக்கு முடிவாக வந்தது யூனிகோடு. ஓர் எண்ணுக்கு உலகம் முழுவதும் ஒரே பொருள் என்பதே அதன் அடிப்படை. அதன் முதல் பதிப்பு 1991இல் வந்தபோதே தமிழும் அதில் இருந்தது, கட்டக் கோடுகளும் இருந்தன. கோப்பில் 196 என்று இருந்த படுத்த கோட்டுக்கு யூனிகோடில் 2500 என்ற எண், ‘க’வுக்கு 0பி95. (இவை பதினாறின் அடிமானத்தில் எழுதும் எண்கள், அதனால்தான் நடுவில் ஆங்கில எழுத்து வருகிறது.) இரண்டும் இனி ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளாது. ஒரே கோப்பில் தமிழும் கோடும் சேர்ந்து வாழலாம். மேலே உள்ள ராசிக் கட்டம் இந்தக் கட்டுரைக்குள் வர முடிந்தது அதனால்தான்.

யூனிகோடில் கட்டக் கோடுகளின் தொகுதியில் 128 இடங்கள். ஐபிஎம்மின் 40 துண்டுகளோடு தடித்த கோடு, விட்டு விட்டுப் போகும் கோடு, வளைந்த மூலை, சாய்கோடு எல்லாம் சேர்ந்து 128 இடமும் நிரம்பிவிட்டது. தமிழின் முதன்மைத் தொகுதிக்கும் 128 இடங்கள்தாம். அதில் இன்று 72 நிரம்பியிருக்கின்றன. 247 எழுத்துகள் உள்ள மொழிக்கு 72, கோட்டுத் துண்டுக்கு 128ஆ என்று என் கல்லூரி நண்பர் ஒருவர் சண்டைக்கே வருவார். உயிர்மெய்களை மெய்யையும் உயிர்க்குறியையும் சேர்த்து எழுதுவதால் வந்த கணக்கு அது. அநீதி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் வருத்தம் எனக்குப் புரியாமலும் இல்லை.

யூனிகோடு வந்த பிறகும் பழைய நோய் முழுதாகப் போகவில்லை. யுடிஎஃப்-8 என்ற முறையில் சேமிக்கும்போது கோட்டுத் துண்டுக்கும் மூன்று பைட், தமிழ் எழுத்துக்கும் மூன்று பைட். கோட்டுக்கு 226, 148, 128. ‘க’வுக்கு 224, 174, 149. இதைப் பழைய விண்டோஸ் அட்டவணைப்படி படித்தால் ஒவ்வோர் எழுத்தும் மூன்று குப்பை எழுத்தாகும். வட்டத்துக்குள் ‘ஆர்’ போட்ட குறி மீண்டும் மீண்டும் வரும் தமிழ் மின்னஞ்சலையோ படத்தின் வசன வரியையோ நீங்கள் பார்த்திருந்தால், அந்தக் குறி 174ஆம் எண்தான். தமிழ் உள்ளே பத்திரமாக இருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

கோப்பை மீட்பது எப்படி?

முதல் வேலை: மூலக் கோப்பை அப்படியே நகல் எடுத்துத் தனியாக வையுங்கள். நகலில் மட்டும் கை வையுங்கள். இதைப் பெரிதாகச் சொல்லக் காரணம் உண்டு. சில கைப்பேசிச் செயலிகள், தமக்குப் புரியாத எண்களை எல்லாம் கேள்விக்குறி போட்ட கறுப்பு வைரமாக மாற்றிக் காட்டும். அந்த நிலையில் ‘சேமி’ என்று அழுத்திவிட்டால் 196, 179, 218 எல்லாம் ஒரே குறியாகி, எது எதுவாக இருந்தது என்பது நிரந்தரமாகப் போய்விடும். அதுவரை கெடாத கோப்பு அந்த ஓர் அழுத்தத்தில்தான் கெடுகிறது.

பிறகு கணினியில் லிப்ரே ஆபிஸ் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தலாம். கோப்பைத் திறக்கும் பெட்டியில், கோப்பு வகை என்ற இடத்தில் ‘டெக்ஸ்ட் - சூஸ் என்கோடிங்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். எந்த அட்டவணை என்று கேட்கும். ‘வெஸ்டர்ன் யூரோப்’ என்று தொடங்கும் வரிகளில் டாஸ், 437 என்ற சொற்கள் உள்ளதைக் கொடுங்கள். திறந்ததும் எழுத்துருவை ‘கூரியர் நியூ’ ஆக்குங்கள். கட்டம் கண்முன் எழுந்து நிற்கும். நோட்பேட்++ பயன்படுத்துபவர்கள் என்கோடிங் பட்டியலில் மேற்கு ஐரோப்பியப் பிரிவில் ‘ஓஇஎம்-யூஎஸ்’ என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். சரியாகத் தெரிந்த பிறகு அதை யுடிஎஃப்-8 ஆகவோ பிடிஎஃப் ஆகவோ வேறு பெயரில் சேமித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சங்கம் டிபேஸ் மென்பொருளில் கணக்கு வைத்திருந்தால் கோப்பின் பெயர் ‘டிபிஎஃப்’ என்று முடியும். அதை லிப்ரே ஆபிஸின் விரிதாளில் திறக்கலாம். அதுவும் அட்டவணை கேட்கும், அதே விடைதான். டிஸ்கெட்டாகவே இருந்தால் யுஎஸ்பியில் பொருத்தும் டிஸ்கெட் வாசிப்பான் வேண்டும். காந்தத் தகட்டில் பதிந்தவை காலம் போகப் போக மங்கும். நம் ஊர் ஈரத்தில் பூஞ்சையும் பிடிக்கும். இதில் தள்ளிப்போடுவது நல்லதில்லை.

கட்டத்துக்குள் தமிழ் ஏன் அடங்குவதில்லை?

கிராணி ஐயாவின் கோப்பு திறந்துவிட்டது. அதைப் பார்த்து மகிழ்ந்த செயலவை இளைஞர், அதே போல் கட்டம் கட்டிக் கும்பாபிஷேக அழைப்பைத் தமிழில் தட்டிப் புலனத்தில் அனுப்பினார். வலப்பக்கக் கோடு பாம்பு போல நெளிந்தது. எனக்கு மீண்டும் ஓர் அழைப்பு.

காரணம் அந்த 2,000 அறைகளில்தான் இருக்கிறது. கோட்டுத் துண்டுகள் எல்லா எழுத்தும் ஒரே அகலம் என்ற உலகத்தில் பிறந்தவை. ஐயா காலத்துப் பட்டியலில் மாரியம்மன் என்று ஆங்கில எழுத்தில் அடித்தால் ஒன்பது எழுத்து, ஒன்பது பைட், ஒன்பது அறை. எண்ணி வெற்றிடம் விட்டால் வலப்பக்கக் கோடு நேராக விழும்.

தமிழில் அடித்தால்? ‘மாரியம்மன்’ நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. யூனிகோடு கணக்கில் பத்துக் குறிகள், ஏனென்றால் காலும் கொக்கியும் புள்ளியும் தனித்தனிக் குறி. யுடிஎஃப்-8இல் முப்பது பைட். திரையில் பிடிக்கும் அகலமோ இந்த மூன்றில் எதற்கும் கட்டுப்படாது. ‘ர’ ஒல்லி, ‘ண’ அகலம், புள்ளிக்கு அகலமே இல்லை. எதை எண்ணி வெற்றிடம் விடுவது? புலனத்தில் எழுத்தைச் சம அகலமாக்கும் வசதி இருக்கிறது, ஆனால் பொதுவாக அது ஆங்கிலத்துக்குத்தான் உதவும். தமிழ் தன் வழக்கமான அகலத்திலேயே வரும். ராசிக் கட்டத்தில் நான் பெயர் எழுதாமல் எண் போட்டதும் இதனால்தான். கைப்பேசியில் எண்ணும் வெற்றிடமும் கோட்டுத் துண்டும் வெவ்வேறு அகலமாக இருந்தால் அதுவும் சரியும்.

இன்னொன்றும் இருக்கிறது. பார்வை இல்லாதவர்கள் திரையை வாசித்துச் சொல்லும் செயலியைப் பயன்படுத்துகிறார்கள். சில செயலிகள் கோட்டுத் துண்டுகளைத் தாண்டிவிடும். சில ஒவ்வொரு துண்டின் பெயரையும் ‘பாக்ஸ் டிராயிங்ஸ் லைட் ஹாரிசான்டல்’ என்று விடாமல் வாசிக்கும். திருவிழா நேரம் கேட்க வந்தவர் அத்தனை கோட்டையும் கேட்டு முடிக்க வேண்டும். ஆகவே தமிழ் அறிவிப்புக்குக் கட்டம் வேண்டுமென்றால் சொற்செயலியிலோ விரிதாளிலோ அட்டவணை போட்டுப் பிடிஎஃப் ஆக அனுப்புங்கள். புலனத்தில் செய்தியை வெறும் எழுத்தாக எழுதுங்கள்.

அதற்காகக் கோட்டு எழுத்துகள் செத்துவிட்டன என்று நினைக்க வேண்டாம். விண்டோஸ் கட்டளைத் திரையில் ‘ட்ரீ’ என்று அடித்தால் உங்கள் கோப்புறைகள் மரக்கிளை போல விரியும். அந்தக் கிளைகள் இதே துண்டுகள்தாம். லினக்ஸ் கணினிகளைப் பராமரிக்கும் நம் பிள்ளைகள் நாள்தோறும் இவற்றைப் பார்க்கிறார்கள். ஐபிஎம்முக்கு மூன்று ஆண்டு முன்பே, 1978இல் வந்த டிஇசி நிறுவனத்தின் விடி100 முனையம் வேறொரு வழியில் கட்டம் போட்டது: ஒரு குறிப்பைக் கொடுத்தால் சிறிய ஆங்கில எழுத்துகளே கோடாக மாறும். அந்தக் குறிப்பு தவறினால் கட்டம் இருக்க வேண்டிய இடத்தில் ‘எல் க்யூ க்யூ க்யூ கே’ என்று எழுத்துகள் நிற்கும். அதைப் பார்த்துப் பதறும் பயிற்சியாளர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

ஐயாவின் பட்டியலை ஏ3 தாளில் அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். 1991 முதல் 1998 வரை எட்டுத் திருவிழா. லயம், வீட்டு எண், பெயர், தொகை, கடைசிக் கட்டத்தில் ‘பாக்கி’. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு விரலை ஒவ்வொரு கட்டமாக நகர்த்தினார். மூன்றாம் லயத்தில் ஒரு பெயருக்கு நேராக எட்டு வருடமும் பாக்கிக் கட்டம் நிரம்பியிருந்தது. “இவர்தான் தம்பி இப்ப சிரம்பான்ல ரெண்டு லாரி வச்சிருக்காரு. முதல்ல இவரைக் கூப்பிடணும்” என்றார்.

நான் புறப்படும்போது பேரப்பிள்ளை கைப்பேசியில் எண்களைத் தேடிக்கொண்டிருந்தார். நேற்று மாலை வரை ஐந்தாம் லயம் முடிந்து ஆறாம் லயத்துக்கு வந்திருக்கிறார்கள்.